கடுகு ஒட்டிய பொம்மை

கேளம்பாக்கம்
2.2.2025

அன்புள்ள கதிருக்கு,

பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். உன் ஜெயகிருஷ்ணன் மாமா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை எப்படி பிளாக் பண்ணுவாய் என்று பார்க்கிறேன். கறுப்பு மார்க்கரில் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். லென்ஸ் வைத்துப் படித்துவிடலாம்.

உன் ஹவுஸ் ஓனர் அபிதகுஜாம்பாள் மாமியைத் தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தேன். "உன் தம்பி ஞாயித்துக்கிழமையானா மேற்குத் தாம்பரத்துல ஏதோ அக்குபங்சர் கிளாஸுக்குப் போறான். மாடிப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் வாய்க்குள்ள என்னத்தையோ முணுமுணுக்கறான்" என்றார். நீ ஸ்லோகம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரே சந்தோஷம் அவருக்கு. நான் மறுக்கவில்லை.

விஷ்ணுப்ரியா விஷயத்தை இழுக்காமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. உன் கல்யாணப் பேச்சு நின்றதற்கு நான்தான் காரணம். உன் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, சில வருஷத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னதை அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. அவளும் ஒரு வீட்டுப் பெண்தானே கதிர்? இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் போய்ச் சொல்வேன். அதற்காக ஒன்றரை வருஷமா பேசாமல் இருப்பது?

உடம்பில் பன்னிரண்டு பாதையாம், முன்னூற்றுச் சொச்சம் புள்ளியாம், நெட்டில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடே உனக்கு ஏறவில்லை. இதை எதை வைத்துப் படிக்கிறாய்? பையில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி என்ன வேண்டும் என்று சொல். வாங்கி அனுப்புகிறேன்.

உன் அக்கா
ரோஹிணி


செம்பாக்கம்
11.2.2025

திருமதி ரோஹிணி ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. போஸ்டர் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். ஒரு கலர் சார்ட் வாங்கினேன், நாலாக மடித்துப் பையில் வைக்கலாம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கலர் போட்டிருக்கிறானாம். எனக்கு எல்லாம் ஒரே கஞ்சி. போனில் ஒரு ஆப் இறக்கினேன். ஒரு ஆள் நின்றுகொண்டு சுற்றுகிறான். என் கண்ணுக்குத் தெரிகிற வட்டம் இப்போது ஒரு வடை அளவு. அதில் அவன் கை வந்தால் தோள் போய்விடும், தோளைத் தேடிப் பிடித்தால் கை எங்கே என்று மறந்துவிடும்.

கூடப் படிக்கிற ஜென்சி என்ற பெண் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, புள்ளியின் பெயரையெல்லாம் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். நல்ல பெண், அகரம்தென் பக்கம். அட்டை பெயரைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. போன வாரம் ஷேர் ஆட்டோவில் அது கைதவறிக் கொட்டிவிட்டது. நான் தரையைத் தடவுகிறேன், என் கை ஒரு அம்மாவின் காலில் படுகிறது. "இன்னாயா பண்ற?" என்று அந்தம்மா கத்த, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி என்னை இறங்கச் சொல்லிவிட்டான். பாதி அட்டைகள் அந்த ஆட்டோவோடு போய்விட்டன.

வகுப்பு நடத்துகிற வேதசிரோமணி சார் படம், பொம்மை எதையும் மதிக்கமாட்டார். உடம்புதான் புத்தகம் என்பார். தனியாக இருக்கிறவனுக்குத் தன் முதுகு எட்டுமா? கல்யாணம் ஆகியிருந்தால் வீட்டிலேயே ஒரு முதுகு இருந்திருக்கும். அதைத்தான் தாங்கள் பார்த்துக்கொண்டீர்களே.

இந்த வகுப்பு என் கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதற்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது முடியாது என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் சேலையூரில் அவருக்கு ஒரு சிகிச்சை அறை இருக்கிறது. ஜூன் கடைசியில் பரீட்சை. எல்லாப் பாதைகளையும் தொட்டுக் காட்டிவிட்டால் அங்கே எனக்கு ஓர் இடம் தருகிறேன் என்றிருக்கிறார். கண் போன பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு வேறு கிடையாது. அந்த வயரிங் விபத்துக்கு அப்புறம் திருமுடிவாக்கத்தில் எந்தக் கம்பெனி வாசலையும் நான் மிதிக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். முதலில் பாதை மண்டையில் ஏறுமா, கண் போகுமா என்றுதான் ஓட்டப் பந்தயம்.

வகுப்பில் டேனியல் என்ற பையனிடம் ஒரு ரப்பர் பொம்மை இருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி இருக்கிறதாம். தடவிப் படிக்கலாம் என்று தோன்றியது. அவனிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. வாங்கி அனுப்பச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

கதிரேசன்


கேளம்பாக்கம்
23.2.2025

கதிர்,

தாங்களாம், தங்களாம். உனக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான். "திருமதி" போட்டதைப் படித்து மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

பொம்மையை இதனோடு அனுப்பியிருக்கிறேன். நான் பத்துக் கடை தேடினேன். வளையத்தில் கோத்த அட்டைக்கட்டு, விசிறி மாதிரி விரிகிற படம், கை மட்டும், காது மட்டும், கால் மட்டும் என்று தனித்தனி உறுப்புகள், எல்லாம் வருகிறது. காது பொம்மையைப் பார்த்து நித்யா பயந்து "அம்மா" என்று கத்திவிட்டாள். அட்டைக்கட்டு கொட்டும், உனக்கு ஆட்டோ அனுபவமே போதும். விசிறிப் படம் கண்ணை நம்பியது. முழு ஆள் பொம்மைதான் சரி. தண்ணீர் பாட்டில் உயரம், பையில் நிற்கும், விழுந்தாலும் உடையாது. "பாதைகளும் புள்ளிகளும் பதிக்கப்பட்டது" என்று போட்டிருந்தான். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புகிறேன், நித்யா கைக்குப் போனால் உனக்கு வந்து சேராது. படத்தைப் பார்த்தே மொட்டை மாமா என்று பெயர் வைத்துவிட்டாள்.

நான் நலம். ஸ்கூலில் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் மலையாகக் குவிந்திருக்கிறது. சமையலறையில் சிலிண்டரில் இடித்துக்கொண்டு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. மொட்டை மாமாவிடம் அதற்கு ஒரு புள்ளி இருந்தால் சொல்.

ரோஹிணி


செம்பாக்கம்
6.3.2025

அக்கா,

பெட்டியைப் பிரித்ததும் இரண்டு கையாலும் தடவினேன். தலையிலிருந்து கால் வரைக்கும், திருப்பிப் போட்டு முதுகு, உள்ளங்கால், அக்குள். மொழுமொழுவென்று இருக்கிறது. பதித்திருக்கிறான் என்றாயே, அச்சடித்திருக்கிறான். பெயின்ட். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சோப்புக் கட்டியைத் தடவுகிற மாதிரி இருக்கிறது.

உன் மேல் கோபமில்லை. என் மேல்தான். அந்த டப்பாவைப் பல்லால் கடித்துப் பிரித்தேன், அப்படி ஒரு ஆசை வைத்திருந்தேன். முப்பத்திநாலு வயசில் ஒரு பொம்மைக்காக அழுதேன், போதுமா?

வெளியே போவது குறைந்துவிட்டது. மழைநீர் வடிகாலுக்காகத் தெருவில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஏரிக்கரைப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்கு எல்லாம் கறுப்பு. போன திங்கள் குழியில் இறங்கிவிட்டேன். விழவில்லை, இறங்கினேன். இடுப்பு வரைக்கும் மண். தூக்கிவிட்டவர் "குடிச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கண் தெரியவில்லை என்பதைவிட அது சுலபமாக இருந்தது.

பொம்மையைத் திருப்பி அனுப்புகிறேன். நித்யாவே விளையாடட்டும். உதவாத சார்ட்டும் கூட இருக்கிறது. பரணில் போடு, இல்லை கிழித்துப் போடு.

கதிர்


கேளம்பாக்கம்
13.4.2025

கதிர் கண்ணா,

ஒரு மாசமாக ஏன் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். பெட்டியைத் திற. மெதுவாக.

இப்போது தடவு.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கடுகு. ஃபெவிக்கால் வைத்து ஒட்டி, மேலே நெயில் பாலிஷ் பூசியிருக்கிறேன், உதிராது. பன்னிரண்டு பாதைக்கும் பன்னிரண்டு விதமான நூல். நீ அனுப்பிய சார்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கலர் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். நுரையீரலுக்குத் தையல் நூல். இதயத்துக்கு ஜரிகை, அம்மாவின் கூறைப்புடவையிலிருந்து உருவியது, திட்டாதே. காலின் உட்பக்கம் மேலே ஏறுகிற பாதை மூன்று இருக்கிறதே, அதுதான் என் உயிரை எடுத்துவிட்டது, மூன்றும் ஒட்டி ஒட்டிப் போகிறது. மஞ்சள் கோடு மண்ணீரலுக்குப் பூ கட்டுகிற நார். பச்சைக் கோடு கல்லீரலுக்குச் சணல். நீலக் கோடு சிறுநீரகத்துக்குக் கம்பளி நூல். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, அங்கே ஒரு மிளகு வைத்திருக்கிறேன். நெருடும், தெரிந்துகொள்வாய்.

ஸ்கூல் விட்டு வந்ததும் பால்கனியில் உட்கார்ந்துவிடுவேன். வெயில் இருக்கும்போதே செய்தால்தான் உண்டு, அதனால்தான் இத்தனை நாள். "தினம் ஒரு மொட்டைத் தலையனோடு உட்கார்ந்திருக்கிறாளே" என்று எதிர் ஃபிளாட்டில் பேச்சு.

செய்யும்போது ஒன்று தோன்றியது. உன்னைக் குளிப்பாட்டிய உடம்புதானே இது, எனக்குத் தெரியாத இடமா என்று. ஒட்ட ஒட்ட எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

படித்துவிடு கதிர். எனக்காக இல்லை.

அக்கா


செம்பாக்கம்
11.5.2025

அக்கா,

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு வாரம் தள்ளிப்போட்டேன்.

மொட்டை மாமா என்னை விட்டுப் பிரிவதில்லை. பையில் கையை விட்டால் போதும், யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடை வரிசையில், கரண்ட் போன வீட்டில், எங்கேயும். வெளிச்சமே வேண்டாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியாது. சார்ட்டில் கஞ்சியாகக் கிடந்ததெல்லாம் விரலில் தனித்தனியாகப் பிரிந்து வருகிறது. உள்ளங்காலில் கம்பளியைப் பிடித்தால் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, மிளகைத் தாண்டி, மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறேன். தூக்கத்திலும் விரல் ஓடுகிறது.

ஜென்சி கிண்டல் பண்ணுகிறாள். "இன்னா கதிரு, பொம்மைக்கு ஜொரமா? எந்நேரமும் தொட்டுப் பாத்துகினே கீற!" சாரிடம் மட்டும் காட்டவில்லை. பொம்மை என்றாலே அவர் முகம் மாறிவிடும், ஜென்சி சொல்வாள்.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். விஷ்ணுப்ரியா வீட்டுக்கு நீ போனதை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதை நினைக்காத நாளும் இப்போதெல்லாம் வருகிறது. அந்த நாள்களில் நான் இந்தப் பொம்மையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

பரீட்சை ஜூன் 29, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஏழரைக்குள் முடிந்துவிடும். நீ வருகிறாயா? வண்டலூர் வழியாகத் தாம்பரம் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். இல்லை, உன் ஸ்கூட்டியிலேயே வந்துவிடு. சும்மா பின் பெஞ்சில் உட்கார்ந்திரு. போனை இன்னும் அன்பிளாக் பண்ணவில்லை. அன்றைக்கு நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பண்ணுகிறேன்.

கதிர்


கேளம்பாக்கம்
20.5.2025

கதிர்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை.

ஆனால் என்னால் வர முடியாதுடா. சாயங்காலம் என்றால் கஷ்டம். திரும்பி வர இருட்டிவிடும், நித்யா தனியாக இருப்பாள், மாமாவுக்கு அன்றைக்கு ஆபீஸ் வேலை. ஸ்கூட்டியை இப்போது எடுப்பதில்லை, ஏதோ ரிப்பேர். காலையில் வைத்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.

கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு ஐந்து மணிக்கு இங்கே விளக்கேற்றி வைத்து உட்கார்ந்திருப்பேன்.

அக்கா


செம்பாக்கம்
1.7.2025

ரோஹிணி,

தோற்றுவிட்டேன். சந்தோஷமா?

சார் டேனியலைப் படுக்க வைத்து ஒவ்வொரு பாதையாகக் கேட்டார். கைப் பாதைகள் எல்லாம் சரி. முதுகு சரி. அவர் "பலே" என்று சொன்னார், என் காதால் கேட்டேன். கடைசியாகக் காலின் உட்பக்கப் பாதைகள், அதில் முதலில் சிறுநீரகம். உள்ளங்காலில் தொடங்கினேன். கணுக்கால், மூன்றும் சந்திக்கிற இடம், தொடை, வயிறு, என் விரல் தானாக ஓடுகிறது. விலா எலும்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சார் "கதிரேசா, எங்க போய் நிக்கற? அது கழுத்தெலும்புக்குக் கீழ போய் முடியணும். கல்லீரல் பாதையைக் காட்டு" என்றார். காட்டினேன். அது கழுத்தெலும்புக்குப் போனது. ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கிறேன். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை வேண்டுமென்றே மாற்றிச் செய்யப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை. டேனியல் பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். பொம்மையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதமா ஒட்டியிருக்காங்க. கணுக்காலுக்கு மேல கம்பளியும் சணலும் இடம் மாறிப்போச்சு. முடியற வரைக்கும் அப்படியே போயிருக்கு" என்றார்.

இடம் மாறிப்போச்சு. அவ்வளவுதான். சேலையூர் இடம் கூடப் படிக்கிற ஷ்யாம்சுந்தருக்குப் போய்விட்டது. அடுத்த பரீட்சை அடுத்த வருஷம். அடுத்த வருஷம் எனக்கு இந்தக் காகிதம்கூடத் தெரியாது.

உனக்கு எப்பவும் எதிலும் அவசரம். கண்ணால் படித்ததென்றால் திருத்திப் படிக்கலாம். விரல் படித்ததை நான் எப்படி அழிப்பேன்? படுத்துக்கொண்டு என் காலையே தடவிப் பார்க்கிறேன், பொய்யான வழியில்தான் போகிறது. என் கல்யாணத்தை முடித்து வைத்தாய். இப்போது இது. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.

கதிரேசன்


கேளம்பாக்கம்
8.7.2025

கதிர்,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவசரமாகச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. ஒவ்வொரு நூலையும் சார்ட்டோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்துத்தான் ஒட்டினேன். டீச்சர் நான், எனக்குத் திருத்தத் தெரியாதா?

நேற்று மறுபடி சார்ட்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். நான் ஒட்டினபடிதான் இருக்கிறது. பச்சைக் கோடு மிளகுக்கு மேலே பின்பக்கம் போய்க் கழுத்தெலும்பில் முடிகிறது, நீலக் கோடு விலாவில் நிற்கிறது. படத்தில் இருப்பதைத்தானே நான் ஒட்ட முடியும்? தப்பு என்மேல் இல்லை, அச்சடித்தவன் தப்பு. சார்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன் சாரிடம் கொண்டுபோய்க் காட்டு. சார்ட்டுத்தான் தப்பு என்று அவரே சொல்வார். இன்னொரு தடவை பரீட்சை வைக்கச் சொல்லிக் காலில் விழுந்தாவது கேள். நான் வேண்டுமானால் வந்து கேட்கிறேன், காலையில் வருகிறேன்.

அக்கா


செம்பாக்கம்
20.7.2025

அக்கா,

சாரிடம் போகவில்லை. ஜென்சியைக் கூப்பிட்டேன். மாமி வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து சார்ட்டையும் பொம்மையையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"சார்ட்டு கரீட்டா கீது கதிரு. நீலம் நேரா கழுத்தெலும்பாண்ட போவுது, பச்சை வெலாவுல நிக்குது. உங்க அக்கா பச்சைய நீலம்னும், நீலத்த பச்சைனும் எடுத்துகினாங்க. சந்திக்கிற எடம் வரிக்கும் கரீட்டு, அதுக்கப்புறம் மாறிடுச்சு" என்றாள். அப்புறம், "தெளிவாத்தானே கீது, எப்டிமா இத்தப் போயி மாத்துவாங்க?" என்றாள்.

எப்படி மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

திருமுடிவாக்கத்தில் பேனல் வயரிங் பண்ணிக்கொண்டிருந்தபோது, பச்சை எர்த் வயர் போகவேண்டிய இடத்தில் நான் நீல வயரை மாட்டினேன். டெஸ்டிங்கில் வெடித்துச் சாம்பசிவன் அண்ணன் கை வெந்துபோனது. நான் சரியாகத்தான் மாட்டினேன் என்று சூப்பர்வைசரிடம் சத்தியம் பண்ணினேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டும் சத்தியம் பண்ணினேன். என் கண்ணுக்கு அது பச்சைதான். நீ எழுதியிருக்கிறாயே, "நான் ஒட்டினபடிதான் இருக்கிறது" என்று, அதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன்.

அக்கா, எழுத்து ஏன் இவ்வளவு பெரிது? எனக்காக என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கடிதத்தில் வரி எல்லாம் வலது பக்கம் சரிந்து இறங்குகிறது. சிலிண்டரில் ஏன் இடித்துக்கொண்டாய்? வெயில் இருக்கும்போதே செய்தால்தான் உண்டு என்று ஏன் எழுதினாய்? ஸ்கூட்டிக்கு என்ன ரிப்பேர்? ஏன் எதற்கெடுத்தாலும் காலையில் வருகிறேன் என்கிறாய்?

கண் டாக்டர் அன்றைக்கே சொன்னார். "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்க, உங்க அக்காவையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்று. நீ சிரித்தாய். "எனக்கென்ன கேடு, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றாய். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நான் என்னைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

போனை அன்பிளாக் பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்து கூப்பிடுகிறேன். இப்போது நீ எடுக்கமாட்டேன் என்கிறாய்.

மாமாவுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்பேன். என் கண்ணைப் பற்றி விஷ்ணுப்ரியா வீட்டுக்கு நீ போய்ச் சொன்னாய். உன் கண்ணைப் பற்றி உன் வீட்டில் யார் போய்ச் சொல்வது?

தப்பு என்று சொல்லிவிடு அக்கா. ஜென்சிதான் தப்பாகப் பார்த்தாள் என்று எழுது. நான் நம்பிவிடுகிறேன்.

கதிர்


கேளம்பாக்கம்
3.8.2025

கதிர்,

ஜென்சி சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

உன் கடிதம் வருகிற வரைக்கும் சார்ட்டுத்தான் தப்பு என்று சத்தியமாக நம்பினேன். அதைப் படித்ததும் நித்யாவின் கலர் பென்சில் டப்பாவை எடுத்துவந்து பால்கனியில் உட்கார்ந்தேன். "பச்சை எதுடா, நீலம் எதுடா?" என்று விளையாட்டு மாதிரி கேட்டேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரே கலராக இருந்தது. "அம்மாவுக்கு இதுகூடத் தெரியல" என்று கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கலர் போனது தெரியாது. இருட்டில் தெரியாதது தெரியும். விஷ்ணுப்ரியா வீட்டில் உன் விஷயத்தையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது ஏழு மணி. அவர்கள் வாசலில் மூன்று படி இருந்தது, எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. விழுந்தேன். அந்தப் பெண்தான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். பாவம் செய்தேன், அதனால் தடுக்கிவிட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்புறம் தினமும் தடுக்கியது. போன டிசம்பரில் நான் மட்டும் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். உன் டாக்டர் உன்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை, அதே வரிசையில் சொன்னார்.

பிப்ரவரியில் உனக்கு முதல் கடிதம் எழுதினேனே, அக்காவுக்குத் தம்பி மேல் திடீரென்று ஏன் பாசம் என்று நீ கேட்கவில்லை. பயம் கதிர். இதை யாரிடம் சொல்வது? இந்த உலகத்தில் இது எப்படியிருக்கும் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான், நீயோ என்னோடு பேசுவதில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சிலிண்டர் வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

மாமாவுக்குத் தெரியாது. ஸ்கூட்டியை ஏன் விற்கச் சொல்கிறாய் என்று கேட்கிறார். மார்ச்சில் நித்யாவைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தபோது மாடு நின்றது தெரியாமல் போய்விட்டேன், மயிரிழையில் தப்பித்தோம். அவளை "அப்பாகிட்ட சொல்லாதே" என்று நான்தான் சொன்னேன். எட்டு வயசுக் குழந்தையைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறேன். ஸ்கூலில் விடைத்தாள் திருத்துவது தப்பும் தவறுமாகப் போகிறது, இரண்டு பெற்றோர் புகார் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

யார் போய்ச் சொல்வது என்று கேட்டாய். நீ வந்து சொல். நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய். என் வாயால் வராது. மாமா முகம் மாறுவதைப் பார்க்கிற சக்தி எனக்கு இல்லை, அது தெரிகிற அளவுக்கு இன்னும் கண் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். அன்றைக்கு விஷ்ணுப்ரியா என்னைத் தூக்கிவிட்டபோது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எனக்கும் கண் தெரியவில்லை என்று அவள் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட ஜென்சியைக் கேள். கேளம்பாக்கம் ஸ்டாப்பில் நான் நிற்பேன். நீ என்னைத் தேடாதே, நானும் உன்னைத் தேடமாட்டேன், இறங்கிய இடத்திலேயே நின்று "அக்கா" என்று கூப்பிடு.

போன் எடுக்காததற்குக் காரணம், உன் குரல் கேட்டால் அழுதுவிடுவேன், வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள்.

மொட்டை மாமாவைக் கொண்டுவா. கம்பளியையும் சணலையும் பிய்த்துவிடுவோம். நித்யா கலர் பார்த்துச் சொல்லட்டும், நீ ஒட்டு. அதை நீ வைத்துக்கொள். எனக்கு இன்னொன்று வேண்டும். நானும் அந்த வகுப்பில் சேர்ந்துதான் ஆக வேண்டும், வேறு என்ன வேலைக்கு நான் ஆவேன்? பாதி மனப்பாடமாக இருக்கிறது, தப்பாகத்தான், இருந்தாலும் இருக்கிறது. பையில் வைக்கிற மாதிரி ஒன்று பார்த்து வை. அட்டை வேண்டாம், விசிறிப் படம் வேண்டாம்.

மொழுமொழுவென்று இருப்பதை வாங்கிவிடாதே.

அக்கா